எக்ஸ்ரேயில் தெரியாத கல்

கம்பளை ஆசிரியர்:
எங்கள் மணி, உடம்பெல்லாம் புள்ளி போட்ட டால்மேஷியன் இன நாய். அதற்குச் சொட்டுச் சொட்டாகத்தான் சிறுநீர் போனது. பிறகு இரத்தமும் கலந்து வந்தது. ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "கல் இல்லை, கிருமித் தொற்றுதான்" என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் நம்பியிருந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் காலைத் தூக்கியபடி அது முக்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு பேராதனை மிருக வைத்தியசாலையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தோம். கறுப்பாகத் தெரிந்த சிறுநீர்ப்பையின் அடியில் ஒரு வெள்ளைக் கீற்று, அதன் கீழே நிழல். டாக்டர் மணியை மறுபக்கம் புரட்டினார். கீற்றும் உருண்டு தாழ்ந்த பக்கம் போனது. "சுவரில் வளர்ந்த கட்டி இப்படி நகராது" என்றார். எடுத்துப் பரிசோதித்தபோது யூரேட் கல், அதாவது யூரிக் அமில உப்பு படிந்த கல்.

ஹட்டன் வாசகர்:
எக்ஸ்ரேயைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் நாய் ராஜாவின் சிறுநீர்ப்பை ஊதியிருந்ததை ஸ்கேன் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை. பின்னங்கால்களை முன்னால் இழுத்துப் பிடித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் அகப்பட்டது: ஆண்குறி எலும்புக்குப் பின்னால் மிளகு கோத்தாற்போல மூன்று கற்கள். கால்சியம் சேர்ந்த ஆக்சலேட் கற்கள். ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு கால்களைப் பிடித்திருந்தவன் நான். அந்த நடுக்கம் இன்னும் என் கையில் இருக்கிறது.

நானுஓயா அம்மா:
றம்பொடை வளைவுகளில் எங்கள் நாய்க்குட்டி வேனுக்குள்ளேயே சிறுநீர் எல்லாவற்றையும் கழித்துவிட்டது. சிறுநீர்ப்பை சுருங்கிக் கிடந்ததால் ஸ்கேனில் ஒன்றும் பிடிபடவில்லை, மாலைவரை காத்திருந்தோம். ஆகவே சொல்கிறேன், பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேன் தெளிவாக விழும். இறங்கியதும் புல்வெளியில் விடாமல் நேரே உள்ளே கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்ரே படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டிலும் தெளிவில்லையென்றால், குழாய் வழியாக, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே உண்டா என்று கேளுங்கள். சிறுநீர்ப் பாதையின் அடைப்பு அதில் தெரியும். ஆனால் ஒரு சொட்டும் வரவில்லையென்றால் பை நிறையட்டும், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. பை வெடிக்கலாம், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். இரவானாலும் வண்டி பிடியுங்கள்.

கம்பளை ஆசிரியர்:
ஹட்டன் அண்ணா, நான் எக்ஸ்ரேயைக் குறை சொல்லவில்லை. ஆக்சலேட் அதில் பளிச்சென்று விழும், யூரேட் பெரும்பாலும் விழாது. டால்மேஷியனுக்கு யூரேட் கல் வருவது மிருக வைத்தியம் படித்த எல்லோருக்கும் தெரிந்தது. மேசைமேல் அத்தனை புள்ளிகளோடு படுத்திருந்த நாயைப் பார்த்துக்கொண்டே "கல் இல்லை" என்று எப்படி அடித்துச் சொன்னார்கள்? அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.