'செட்' என்ற வினைக்கு ஒரே தமிழ்ச் சொல் உண்டா?

வெண்கோடு கேட்டது:
ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். முதல் பக்கத்திலேயே 'செட்' நாலு இடத்தில் வருகிறது. சூரியன் செட் ஆகிறது, கொட்டின கான்கிரீட் செட் ஆகிறது, கிழவர் முகம் செட் ஆகியிருக்கிறது, மழைக்காலம் 'செட் இன்' ஆகிறது. எல்லாவற்றுக்கும் 'அமை' போட்டுப் பார்த்தேன், படிக்கச் சகிக்கவில்லை. பொதுவாக ஒரு சொல் சொல்லுங்களேன்.

அச்சுப்பிழை:
கிடையாதுங்க, தேடாதீங்க. பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கிட்டவன் சொல்றேன்: வினையை விட்டுட்டு, பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாருங்க. சூரியன்னா மறையும். மழைக்காலம்னா 'தொடங்கியது' போதும். ஆனா 'பிடித்துக்கொண்டது' இன்னும் நல்லா இருக்கும், சீக்கிரம் விடாதுங்கிற தொனி 'செட் இன்'ல இருக்கு. கான்கிரீட்டுக்கும் முகத்துக்கும் உங்களுக்கு அதிர்ஷ்டம், ரெண்டுமே தமிழ்ல 'இறுகும்'.

ஒண்ணு கவனிங்க. கான்கிரீட் செட் ஆகுறது சில மணி நேர வேலை. முழு வலு வர நாளாகும், 28ஆம் நாள்தான் வழக்கமா சோதிப்பாங்க. அதனால 'கெட்டிப்பட்டு உறுதியானது'ன்னு நீட்டி முழக்காதீங்க.

வேர்க்கிறுக்கன்:
பெயர்ச்சொல் 'செட்' வந்தால் இன்னும் உஷார். வினை, பழைய ஆங்கில 'செட்டன்', அதாவது உட்கார வைத்தல், 'சிட்'டுக்குச் சொந்தம். தொகுதி என்ற பொருளில் வருவது பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்டா'விலிருந்து வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்'டும் அதே வழிதான். எழுத்து ஒன்றாகிப் பொருளும் கலந்துவிட்டது. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இரண்டாம் பதிப்பில் இந்த வினைக்கு மட்டும் சுமார் 60,000 சொற்களில் விளக்கம். பிறகு 'ரன்' அதை முந்திவிட்டது. கணிதத்தில் வந்தால் யோசிக்காமல் 'கணம்' போடுங்கள்.

வெண்கோடு:
'இறுகியது' அழகாகப் பொருந்துகிறது, நன்றி. இன்னொன்று: பேத்தி தன் காதலனைப் பற்றி, 'எங்களுக்குள்ள ஒத்துவராது' என்கிற மாதிரி பேசுகிறாள். 'செட் ஆகாது' என்று போடலாமா? மூலத்தில் 'செட்' இல்லை.

அச்சுப்பிழை:
தாராளமா. அந்த அர்த்தம் நாம சேர்த்தது, ஆங்கிலக்காரர் கேட்டா முழிப்பார். பேத்தி பேசட்டும், கிழவர் வாயில மட்டும் வெச்சுடாதீங்க.