வேப் ‘காயில்’ என்பதற்குத் ‘திரிச்சுருள்’: முன்மொழிவும் மறுப்புகளுக்கு விடையும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இ-சிகரெட் எனப்படும் வேப் கருவியில் நீர்மத்தைச் சூடாக்கி ஆவியாக்கும், மாற்றிப் பொருத்தும் ‘காயில்’ (coil) என்னும் உறுப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தொடங்கிய இழை பல கிளைகளாகப் பிரிந்துவிட்டதால், இதுவரை வந்த கருத்துகளைச் சேர்த்துப் பார்த்து என் முன்மொழிவை எழுதுகிறேன். இந்தச் சொல்லுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். பிரித்தானியாவில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் கருவிகளை விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. மறுபடி மின்னேற்றவும் நீர்மம் நிரப்பவும் முடிகிற, காயிலைத் தனியே வாங்கி மாற்ற இயலுகிற கருவிகளையே கடைகள் விற்கலாம். லண்டனில் மூலைக்கடை நடத்தும் ஈழத்தமிழர் பலர். முன்பு பெட்டியை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கினால் முடிந்துவிட்ட வியாபாரத்தில், எந்தக் காயில் பொருந்தும், எத்தனை வாட் வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் இன்று அவர்கள் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும் பணியில்தான் இந்தச் சிக்கல் எழுந்தது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தையும் தடை செய்திருக்கிறது. சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே கையேடு அந்த நாடுகளுக்கானது அன்று. பழக்கத்தை நாமே வளர்த்துவிடுகிறோமோ என்று கவலை தெரிவித்த அம்மையாருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சிகரெட் பிடிக்காதவர் இதைத் தொடவே வேண்டியதில்லை என்ற வரி முதல் பக்கத்திலேயே இருக்கிறது, அதை நீக்கச் சொல்லி எவரும் கேட்கவும் இல்லை.

> காயில் என்றால் சுருள். பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. இதற்கு ஏன் இத்தனை மடல்கள்?

பாடநூல் சொல்லும் கம்பிச்சுருள் வெறும் கம்பி. கடையில் காயில் என்ற பெயரில் ஐந்தைந்தாக அட்டையில் அடைத்து விற்கப்படுவது கம்பி மட்டும் அன்று. சுண்டுவிரல் நுனி அளவில் ஓர் உலோக உருளை, அதன் பக்கங்களில் சிறு துளைகள், துளைகளின் வழியே வெள்ளையாகத் தெரியும் பஞ்சு, பஞ்சின் நடுவே கம்பி அல்லது வலைத்தகடு, அடியில் காப்பு வளையமும் மின்தொடுமுனையும் என எல்லாம் சேர்ந்த ஓர் உறுப்பு அது. தொட்டியில் உள்ள நீர்மம் துளைகளின் வழியே பஞ்சில் ஊறிக் கம்பியை அடைந்து, அதன் சூட்டில் ஆவியாகிறது. இந்த உறுப்பை மாற்ற வேண்டி வருவது பெரும்பாலும் கம்பி தேய்வதால் அன்று; நீர்மத்தில் உள்ள இனிப்பூட்டி கம்பியின்மேல் கரியாகப் படிவதாலும் பஞ்சு கருகுவதாலும்தான். ‘சுருளை மாற்றுக’ என்று மட்டும் எழுதினால், தாமே கம்பி சுற்றிப் பஞ்சு வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர் கம்பியை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள் என்றே கொள்வார். அந்த வகையினர் சிலரே ஆயினும், கையேட்டில் கம்பியைப் பற்றித் தனியே பேச வேண்டிய பக்கங்கள் இருப்பதால், முழு உறுப்புக்கு வேறு பெயர் தேவைப்படுகிறது.

வந்த முன்மொழிவுகளில் ‘சுருள்தலை’ ‘coil head’ என்னும் ஆங்கிலத்தின் நிழல். தமிழில் தலை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ‘ஆவியாக்கி’ முழுக் கருவிக்கே பொருந்துவது. மதுரை அன்பர் தந்த ‘சுருட்குப்பி’யைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மாட்டின் கொம்பு நுனியில் மாட்டும் பித்தளைப் பூணுக்கும் குப்பி என்றே பெயர் என்பதால், சிறு உலோக உருளையைக் குறிக்க அது நல்ல சொல், புணர்ச்சியும் பிழையில்லை. ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் ஈழத்தவர்கள். அவர்களுள் ஒரு தலைமுறையின் காதில் குப்பி என்ற சொல் சயனைட்டோடுதான் வந்து விழும். வாயில் வைத்து இழுக்கும் ஒரு பொருளின் உறுப்புக்கு அந்தப் பெயரை வைத்து, ‘குப்பியை மாற்றுக’ என்று அச்சிட என் கை எழாது. சொல் குற்றமற்றது, அது போய்ச் சேரும் இடம் அப்படிப்பட்டது.

ஆனாலும் அந்தச் சொல்லே எனக்கு வழியும் காட்டியது. மின்சாரம் இல்லாத காலங்களில் யாழ்ப்பாணத்து வீடுகளில் எரிந்த குப்பி விளக்கில் எண்ணெய் திரியில் ஏறித் தீயை அடைகிறது. எண்ணெய் ஏறும் வேகத்தைவிடத் தீ மிகுந்தால் திரியே கருகுகிறது. வேப் காயிலிலும் நடப்பது இதுவே: பஞ்சு திரி, கம்பி தீ. எனவே திரியும் சுருளும் சேர்ந்த உறுப்புக்குத் ‘திரிச்சுருள்’ என்று முன்மொழிகிறேன். இடையில் வரும் சகர ஒற்றை விட்டுவிட வேண்டாம். ‘திரிசுருள்’ என்று எழுதினால் அது வினைத்தொகையாகி, திரிகின்ற சுருள் என்ற பொருளைத் தந்துவிடும்.

> இப்போது வருவதில் பாதி வலைத்தகடுதானே, அதில் சுருள் எங்கே இருக்கிறது? பீங்கான் வகையில் திரியும் இல்லையே?

முதல் கேள்விக்குத் தமிழே விடை வைத்திருக்கிறது. சுற்றிய கம்பி மட்டும் நமக்குச் சுருள் அன்று. ஓலைச்சுருள், வெற்றிலைச் சுருள் என்று சுருட்டிய தகட்டு வடிவத்துக்கும் அதுவே பெயர். வலைத்தகட்டைக் குழாயாகச் சுருட்டித்தான் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பதால், ஆங்கிலத்தில் இடிக்கும் பெயர் தமிழில் இடிக்கவில்லை. பீங்கான் வகையில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் நீர்மத்தை உறிஞ்சிக் கம்பிக்குத் தருகிறது. திரியின் வேலையைச் செய்வது திரிதான்.

இந்தப் பெயரை நான் விரும்புவதற்குப் பெருங்காரணம் அது வாட் அளவைத் தேர்வதற்கு வழி சொல்லிவிடுகிறது என்பதே. உறுப்பின் பக்கத்தில் ‘0.8 ஓம், 12–16 வாட்’ என்பதுபோல் பொறித்திருப்பார்கள். அதில் மேல் எல்லை என்பது கம்பி தாங்கும் எல்லை அன்று. திரி நீர்மத்தைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய வேகத்தின் எல்லை. மின்தடை குறையக் குறைய வாட் ஏறும் என்பது பள்ளிக் கணக்கு: 3.7 வோல்ட்டில் 1.2 ஓம் சுருள் ஏறத்தாழ 11 வாட்டும், 0.2 ஓம் சுருள் 68 வாட்டும் எடுக்கும். சிகரெட்டைப் போல் வாயில் இழுத்துப் பிறகு உள்ளே எடுப்பவருக்கு 0.8 முதல் 1.2 ஓம் வரையிலான, சிறு துளைகள் கொண்ட திரிச்சுருள் ஏற்றது. நேராக நுரையீரலுக்கு இழுப்பவர் 0.15 முதல் 0.4 ஓம் வரை நாடுவார். அதில் துளைகள் அகலம், ஆவியும் மிகுதி, நீர்மச் செலவும் மிகுதி. கிளிசரின் மிகுந்த தடித்த நீர்மத்தைச் சிறு துளைத் திரிச்சுருளில் ஊற்றினால், வாட் அளவு சரியாக இருந்தாலும் திரி வறண்டுபோகும். கடைக்காரர்களிடம் ‘காயில் சரியில்லை’ என்று திரும்பி வருவனவற்றில் கணிசமானவை இந்தப் பொருத்தமின்மையால் வருவனவே என்பது என் கருத்து. கீழ் எல்லையில் தொடங்கி, ஓரிரு வாட்டாக ஏற்றி, சுவை நிறைவாக இருக்கும் இடத்தில் நிறுத்துக என்பதே கையேடு தரும் அறிவுரை.

திரி வறண்டு கருகும்போது வரும் தொண்டையை அறுக்கும் சுவைக்கு ‘வறட்டு இழுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இழுப்பு என்றால் நம் மக்களுக்கு மூச்சிழுப்பு நோய் நினைவுக்கு வரும். அதோடு வறட்டையும் சேர்த்தால் மருந்துக்கடைக்குத்தான் போவார்கள். அடுப்பில் பால் தீய்ந்தது என்று சொல்கிற அதே வினையைக் கொண்டு ‘திரி தீய்தல்’ என்றால் போதும். இது சுவையை மட்டும் சார்ந்த செய்தியன்று. கிளிசரின் அளவுமீறிச் சூடானால் அக்ரோலின் என்னும் எரிச்சலூட்டும் பொருள் உண்டாகிறது. 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு மடல் ஒன்றில், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டன. அந்த நிலையில் திரி தீய்ந்து, மனிதர் எவரும் தொடர்ந்து இழுக்க மாட்டார் என்ற மறுப்பும் அதே ஆண்டில் வெளியானது. இரண்டையும் வைத்துப் பார்த்தாலும் தீய்ந்த சுவை வந்தவுடன் நிறுத்துக என்ற முடிவுக்கே வர வேண்டும்.

> பவர் என்பதற்கு ஆற்றல் என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆற்றல் வேறு, திறன் வேறு. வாட் என்பது திறனின் அலகு. இலங்கைப் பாடநூல்களில் அதுவே வலு, ஆற்றலுக்குச் சக்தி. திறனா வலுவா என்று நாம் இங்கே முடிவுகட்ட முடியாது, முடிவுகட்டவும் தேவையில்லை. ஈழத்து வாசகருக்கு என்பதால் விளக்கப் பகுதியில் ‘வலு’ என்றும், அமைப்புகளைச் சொல்லும் இடங்களிலெல்லாம் ‘வாட் அளவு’ என்றும் எழுதுவேன். கருவியின் திரையில் அவர் காண்பதும் வாட்தான்.

இனி, இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா எழுப்பிய, சில வேப் கருவிகளில் உள்ள ‘வெப்பநிலைக் கட்டுப்பாடு’ என்னும் அமைப்பு பற்றி. ஐயா சொன்னதுபோல், இந்தக் கருவிகளில் வெப்பமானி எதுவும் இல்லை. கம்பி சூடானால் அதன் மின்தடை ஏறுகிறது. அந்த ஏற்றத்தைக் கொண்டு கருவி வெப்பநிலையைக் கணக்கிட்டு, வைத்த எல்லையைத் தொட்டவுடன் மின்சாரத்தைக் குறைக்கிறது. எல்லையை எவ்வளவு விரைவாக அடைவது என்பதை வாட் அளவு தீர்மானிக்கிறது. ஆகவே கட்டுப்பாடு என்பதைவிட ‘வெப்ப வரம்பு’ என்பதே நடப்பதைச் சொல்கிறது. வரம்பு என்றால் அதற்கு மேல் போகாது, கீழே இருக்கலாம் என்பது வயலில் இறங்காதவருக்கும் தெரியும்.

இந்த முறைக்கு எல்லாக் கம்பியும் உதவாது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த, ‘காந்தல்’ (Kanthal) என்னும் வணிகப் பெயருடைய கம்பியின் மின்தடை சூட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதனாலேயே அது வாட் முறைக்கு உகந்தது, வரம்பு முறைக்கு உதவாதது. மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் தன் அளவில் எத்தனை பங்கு ஏறுகிறது என்பதைக் குறிக்கும் எண் தூய நிக்கலுக்கு ஏறத்தாழ 0.006, டைட்டானியத்துக்கு 0.0035, 316 வகைத் துருவிலா எஃகுக்கு 0.0009. இதற்குத் தமிழ்நாட்டில் ‘வெப்பநிலை மின்தடை எண்’ என்ற வழக்கு இருந்தாலும், வெறும் எண் என்றால் திரையில் தெரியும் மற்ற எண்களோடு குழம்பும் என்பதால் ‘வெப்பத்தடைக் குணகம்’ என்று சுருக்க முனைந்தேன். வெப்பத்தடை என்றால் வெப்பத்தைத் தடுப்பது என்று ஆகிவிடும் என்ற ஐயாவின் மறுப்பு நியாயமானது. ‘தடையின் வெப்பநிலைக் குணகம்’ நீளமாயினும் அதுவே இருக்கட்டும். கையேட்டில் இரண்டு இடங்களில்தான் அது வருகிறது.

அதைவிட முக்கியமான சொல், கருவி தன் கணக்கைத் தொடங்கும் மின்தடைக்கு உரிய சொல். திரிச்சுருள் அறையின் சூட்டுக்கு ஆறியிருக்கும்போது அதை அளந்து, அந்த அளவு மாறாதபடி கருவியில் பூட்ட வேண்டும். ஆறாமல் அளந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். 20 டிகிரியில் 0.5 ஓம் உள்ள எஃகுச் சுருளை 80 டிகிரியில் இருக்கும்போது பூட்டினால், கருவி 0.527 ஓம் என்பதைத் தொடக்கமாகக் கொள்ளும். நாம் 220 டிகிரிக்கு வரம்பு வைத்தால் 0.62 ஓம் வரும்வரை அது மின்சாரத்தைத் தந்துகொண்டேயிருக்கும். அப்போது கம்பியின் உண்மையான சூடு 290 டிகிரியை ஒட்டியிருக்கும். கிளிசரினின் கொதிநிலையே 290. நீர்மம் தீர்ந்த பஞ்சு கருகுவதற்கு அந்தச் சூடு தாராளம். திரை மட்டும் 220 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ‘குளிர்தடை’ என்ற முன்மொழிவு சுருக்கமானதுதான், ஆனால் குளிரைத் தடுக்கும் கம்பளியை நினைவூட்டுகிறது. ‘ஆறிய நிலைத் தடை’ என்றால், அளப்பதற்கு முன் ஆறவிட வேண்டும் என்ற அறிவுரையும் சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

எஞ்சியிருப்பது புதிய திரிச்சுருளை முதன்முதலில் இயக்குமுன் செய்யும் வேலைக்கான சொல். பஞ்சின்மேல் சில சொட்டு நீர்மம் விட்டுப் பொருத்தி, தொட்டியை நிரப்பி, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இதற்கு ‘முன்தயாரிப்பு’, ‘முன்னீரமூட்டல்’ என்று இரண்டு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. அரிசியையும் உளுந்தையும் நாள்தோறும் ஊறவிடும் வீடுகளில் ‘ஊறவிடுதல்’ என்பதற்கு மேல் சொல் தேட வேண்டியதில்லை.