ரிவ்யூவில் நேரம் எங்கே போகிறது: ஆடிட்டர் அலுவலக அனுபவங்கள்

கோவை, ஆடிட்டர்:

வருமான வரிக்காக வியாபாரக் கணக்குகளைத் தணிக்கை செய்து தரும் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்குக் கெடு செப்டம்பர் 30. எங்கள் அலுவலகத்தில் முன்பெல்லாம் செப்டம்பர் பாதிக்கு மேல்தான் ஃபைல்கள் கும்பலாக என் மேசைக்கு வரும். அலுவலகப் பசங்க வேலையை முடித்திருப்பார்கள், அதை ரிவ்யூ செய்து, அதாவது சரிபார்த்து, கையெழுத்துப் போட ஆள் நான் ஒருத்தன். ராத்திரி பத்து மணிக்கு மேல், அந்த ரிப்போர்ட்டின் விவரங்கள் அடங்கிய 3சிடி படிவத்தைப் புரட்டும் கண்ணுக்கு என்ன தெரியும்?

ஒரு சீசன் முழுக்க, ஒவ்வொரு ஃபைலிலும் எங்கே தடைப்பட்டு நிற்கிறேன் என்று கவனித்தேன். முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. 'இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?' என்று தேடத்தான் ஆகிறது. பேலன்ஸ் ஷீட்டில் கேஷ் கிரெடிட் (பேங்க் கடன்) ஒரு தொகை, பேங்க் தந்த சான்றில் வேறு தொகை. ஏன் வித்தியாசம் என்பது வேலை பார்த்த பையனுக்குத் தெரியும். ஆனால் அவன் அன்றைக்கு வேறு கிளையன்ட் இடத்தில் இருப்பான்.

அதனால் ஃபைலின் முதல் பக்கத்தில், வேலை செய்தவரே ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று வைத்தோம். போன வருடத்தைவிட எது மாறியிருக்கிறது, ஏன், கிளையன்ட் தரப்பில் யார் என்ன சொன்னார்கள், எதில் இன்னும் சந்தேகம் தீரவில்லை. அவ்வளவுதான். 'மொத்த லாபம் 14 சதவீதத்திலிருந்து 11 ஆகிவிட்டது. நூல் விலை ஏறியும் விற்பனை விலையை ஆகஸ்டில்தான் ஏற்றினார்கள். இரண்டு பக்க பில்லும் பார்த்தேன்' என்று ஒரு வரி இருந்தால் அரை மணி நேரப் பேச்சு மிச்சம். அந்தக் குறிப்பை எழுத உட்காரும்போதே, எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதும் பசங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்புறம், எல்லாம் முடிந்த பிறகு பார்ப்பது என்பதையும் விட்டுவிட்டோம். டிரயல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் மீதிப் பட்டியல்) கைக்கு வந்ததும் ஒரு தடவை உட்கார்ந்துவிடுவேன். சஸ்பென்ஸில் (இன்னதென்று தெரியாமல் ஒதுக்கி வைத்த தொகைகளில்) என்ன கிடக்கிறது, ரொக்கம் எந்தத் தேதியிலாவது மைனஸ் காட்டுகிறதா, போன வருட குளோசிங் மீதியும் இந்த வருட ஓப்பனிங் மீதியும் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் ஜூனிலேயே தெரிந்துவிடும். செப்டம்பரில் கேட்டால் கிளையன்ட்டின் கணக்குப்பிள்ளைக்கே ஞாபகம் இருக்காது.

திருப்பூர், சீனியர் அசிஸ்டன்ட்:

சார் சொன்ன தேடல் எங்களுக்கும் உண்டு. இங்கே பெரும்பாலும் பனியன் கம்பெனிகள். நிட்டிங், டையிங், பிரின்டிங், காஜா பட்டன் என்று பாதி வேலை வெளியே ஜாப் ஒர்க்காகப் போகும். ஆகவே ரிவ்யூவில் அதிக நேரத்தைத் தின்றது, 1961 வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவுப்படி ஜாப் ஒர்க் பணத்தில் முன்கூட்டியே வரி பிடிக்கும் டிடிஎஸ்தான். ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலும் பிடிக்க வேண்டும், வருடத்துக்குச் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் பிடிக்க வேண்டும். தனிநபர், இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால் 1 சதவீதம், மற்றவர்களுக்கு 2. விட்டுப்போனால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது.

எங்கள் மேடம் முன்பு லெட்ஜர் லெட்ஜராகத் திறந்து பார்ப்பார். இப்போது டேலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து பார்ட்டி வாரியாக (பணம் பெற்றவர் வாரியாக) எக்ஸெல்லுக்கு எடுத்து, பக்கத்தில் பான் எண்ணைப் போட்டுவிடுகிறோம். பானின் நான்காவது எழுத்தே ஆள் யார் என்று சொல்லிவிடும். பி தனிநபர், ஹெச் கூட்டுக் குடும்பம், எஃப் பார்ட்னர்ஷிப், சி கம்பெனி. அந்த எழுத்தைப் பிரிக்க ஒரு ஃபார்முலா, அதை வைத்து விகிதம், பிடித்திருக்க வேண்டிய தொகை, உண்மையில் பிடித்தது, வித்தியாசம். பூஜ்யம் வராத வரிகளை மட்டும் மேடம் பார்க்கிறார். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதை நீக்கித்தான் கணக்கிட வேண்டும். அதற்கு ஷீட்டில் ஒரு தனி நெடுவரிசை வைத்த பிறகு, வீண் வித்தியாசங்கள் வெகுவாகக் குறைந்தன.

இன்னொன்று அதே சட்டத்தின் 43பி(ஹெச்) பிரிவு. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் தர வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி மார்ச் 31-ல் பாக்கி நின்றால் அதை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. சப்ளையருக்கு உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) உண்டா, அவர் உற்பத்தியாளரா வெறும் வியாபாரியா என்று செப்டம்பரில் போன் போட்டால் யார் எடுக்கிறார்கள்? வருடத்தின் முதல் பில்லோடு சான்றிதழையும் வாங்கி வைக்கும்படி கிளையன்ட்களிடம் சொல்லிவிட்டோம்.

மதுரை, ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ பயிற்சி) முடித்தவர்:

ரிவ்யூவுக்கு ஃபைல் கொடுப்பவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் பயிற்சி பெற்ற இடத்தில் ஒரு சார் ஓரத்தில் பென்சிலால் 'செக்' என்று மட்டும் எழுதுவார். எதைச் செக் செய்வது என்று புரியாமல் ஃபைல் போய்ப்போய்த் திரும்பும். அதே அலுவலகத்தில் இருந்த அக்கா, 'வாடகை 11 மாதம்தான் வந்திருக்கு. மார்ச்சுக்கு புரொவிஷன் (இன்னும் தராத செலவுக்கான ஒதுக்கீடு) போட்டு, டிடிஎஸ்ஸும் பார்' என்று எழுதுவார். ஒரே தடவையில் வேலை முடியும்.

அக்கா எதையும் தானே திருத்த மாட்டார். திருத்தினால் அன்றைக்கு வேகம்தான், ஆனால் அடுத்த ஃபைலிலும் அதே தவறு வரும் என்பார். மாதக் கடைசியில், இப்படி எழுதிய குவெரிகளை (ரிவ்யூ கேள்விகளை) எங்களோடு சேர்ந்து படிப்பார். திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அது அடுத்த மாதச் செக்லிஸ்ட்டில் ஏறும். புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகிவிட்டது. இருக்கும் கொஞ்ச காலத்தில் பசங்க கற்றுக்கொள்ள இந்த மாதிரி குவெரிதான் வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

கோவை, ஆடிட்டர்:

அந்த அக்காவின் முறையை நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நேரத்தைக் குறைக்கிறோம் என்று சில இடங்களில் கை வைக்கக் கூடாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் போன ரொக்கம், உறவினர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல், மார்ச் கடைசி வாரத்து ஜர்னல் என்ட்ரிகள் (பணம் கைமாறாமல் கணக்கில் மட்டும் போடும் பதிவுகள்). இவற்றுக்கு எவ்வளவு நல்ல ஷீட் வந்தாலும் வவுச்சரை நானே எடுத்துப் பார்ப்பேன். கம்பெனி ஆடிட்டில், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான எடிட் லாக்கையும் (கணக்கில் செய்த மாற்றங்களின் பதிவையும்) திறந்து, பின்தேதியிட்டு மாற்றிய என்ட்ரிகளைப் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டாக் வேல்யுவேஷனில்தான் (கையிருப்பு மதிப்பீட்டில்தான்) எங்களுக்கு இன்னும் இழுக்கிறது. ஜாப் ஒர்க்கில் வெளியே கிடக்கும் துணியை யாராவது சுலபமாகச் சரிபார்க்கிறீர்கள் என்றால், எப்படி என்று எழுதுங்கள்.