13ஆர் ஸ்பிரிங்க்ளர் போட்ட மரச்சட்ட அபார்ட்மென்ட்: அட்டிக்கில் டிராஃப்ட்ஸ்டாப் தேவையா?

கிண்டி_பெர்மிட்:
அமெரிக்காவுக்குப் போகிற பெர்மிட் செட். மூன்று தளம், முழுக்க மரச்சட்டம், டைப் 5ஏ (ஒரு மணி நேரத் தீ ரேட்டிங் கொண்ட மரக் கட்டுமானம்), ஆர்-2 (அபார்ட்மென்ட் வகை). நீளம் 150 அடி, அகலம் 60 அடி. நடுவில் காரிடார், மேல் தளத்தில் பக்கத்துக்கு 6 வீதம் 12 வீடு. கூரைச் சரிவு 4/12, இரண்டு முனையிலும் ஹிப் (முனைப் பக்கமும் சரிந்து இறங்கும் கூரை). ஸ்பிரிங்க்ளர் என்எஃப்பிஏ 13ஆர் (தாழ்வான குடியிருப்புக் கட்டடங்களுக்கான அமெரிக்க ஸ்பிரிங்க்ளர் தரம்). அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள வெற்றிடம்) டிராஃப்ட்ஸ்டாப் (தீயும் புகையும் பரவாமல் அந்த இடத்தைப் பிரிக்கும் தடுப்பு) எங்கே என்று பிளான் ரிவ்யூவில் கேட்டிருக்கிறார்கள். கட்டடம் முழுக்க ஸ்பிரிங்க்ளர் இருப்பதால் ஐபிசி (அமெரிக்காவில் பின்பற்றும் கட்டட விதித்தொகுப்பு) விலக்குப்படி தேவையில்லை என்று எழுதினால் போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கூரைக்கோடு:
அந்தப் பதிலை அனுப்பாதீங்க சார். ஐபிசி 718.4.2-ல் அந்த விலக்கு என்எஃப்பிஏ 13 சிஸ்டத்துக்கு, அதாவது முழுத் தரத்துக்கு. 13ஆர் என்றால், எந்த இடத்தில் டிராஃப்ட்ஸ்டாப்பை விடுகிறீர்களோ அந்த இடத்திலும் ஹெட் (தண்ணீர் தெளிக்கும் முனை) போட்டிருந்தால்தான் விலக்கு. 13ஆரோ, யாரும் வசிக்காத, சாமான் வைக்காத அட்டிக்கில் ஹெட்டே கேட்காது. ஆக, உங்கள் கட்டடத்தின் உச்சியில் 9,000 சதுர அடிக்கு வெறும் மர டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்), தடுப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அங்கே தீ போக வீட்டு சீலிங்கை உடைக்க வேண்டியதில்லை. சுவரோரம் கொட்டிய மல்ச்சில் (செடியடியில் பரப்பும் மரச்சீவல்) சிகரெட் விழுந்து, வினைல் சைடிங்கில் (வெளிச்சுவரின் பிளாஸ்டிக் உறை) பிடித்து, சாஃபிட் வென்ட் (கூரை ஓர நீட்டலின் அடியில் உள்ள காற்றுத் துளை) வழியாக உள்ளே ஏறிவிடும். வீட்டுக்குள் இருக்கிற ஹெட்டுக்கு அந்தச் சூடு தெரியவே தெரியாது.

ஈரக்குழாய்:
சட்டம் நீங்க சொன்னதுதான். ஆனா தீர்வு ஜிப்சம் போர்டு இல்லை. டிராஃப்ட்ஸ்டாப்னா அரை இன்ச் ஜிப்சம் போர்டு, இல்லேன்னா 3/8 இன்ச் ஓஎஸ்பி (மரச்சீவல் பலகை). அதுக்கு ஒரு மணி நேர ரேட்டிங்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. புகையையும் சூட்டையும் கொஞ்ச நேரம் நிறுத்தும், அவ்வளவுதான். அடுத்த வருஷமே கேபிள்காரர் வந்து கை நுழையற அளவு ஓட்டை போட்டுட்டுப் போவார். அட்டிக்கில் ஹெட் போடுங்க, தீயை அது அணைக்கும். சுவர் அணைக்காது.

கூரைக்கோடு:
ஓட்டை பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அந்த ஹெட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். குளிர்ப் பிரதேசம் என்றால் அட்டிக்கில் டிரை பைப் (தண்ணீர் உறையாதபடி காற்று நிரப்பிய குழாய்). 13 முறைப்படி 1,500 சதுர அடி டிசைன் ஏரியாவில் (ஹெட்கள் ஒரே நேரத்தில் திறக்கும் என்று கணக்கில் எடுக்கும் பரப்பு) தொடங்கினால் டிரை சிஸ்டத்துக்கு 30 சதவீதம் கூடும், 2/12-க்கு மேற்பட்ட சரிவுக்கு இன்னொரு 30. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி 2,535 சதுர அடி. சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.10 கேலன் என்ற அடர்த்தியில் நிமிடத்துக்கு 253 கேலன், தீயணைப்பு ஹோஸுக்கு 100 தனி. கீழே 13ஆருக்கு 16க்கு 16 அடி ஹெட், 0.05 அடர்த்தி, நாலு ஹெட் சேர்த்தாலும் 52 கேலனைத் தாண்டாது. மெயின் சைஸ் மாறும், பம்ப்பே புதிதாக வரலாம்.

ஈரக்குழாய்:
அட்டிக்குக்குன்னே லிஸ்ட் ஆன ஹெட் போட்டா அந்தக் கணக்கு இறங்கும். டிரை பைப்பில் உண்மையான பிரச்சினை சரிவு. பிராஞ்ச் லைனுக்கு 10 அடிக்கு அரை இன்ச், மெயினுக்கு கால் இன்ச் கொடுக்கணும். தாழ்வான இடத்தில் தண்ணி தேங்கினா உறைஞ்சு குழாய் பிளக்கும். அதை ஒழுங்கா வரையாம டிரை பைப்பைக் குறை சொல்றது சரியில்லை.

டிரஸ்_தரமணி:
டிராஃப்ட்ஸ்டாப்தான் என்று முடிவானால், கோடு எங்கே போடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நான்கு தளம் வரையுள்ள ஆர்-2-க்கு 3,000 சதுர அடி அல்லது இரண்டு வீட்டுக்கு ஒரு அட்டிக் அறை, எது சிறியதோ அது. காரிடார் சுவரின் மேல் நீளவாக்கில் போடுபவர்கள் உண்டு. டிரஸ் 60 அடி குறுக்கே, 24 இன்ச்சுக்கு ஒன்று வருகிறது. நீளவாக்குத் தடுப்பு என்றால் எழுபத்துச் சொச்சம் டிரஸ்ஸின் வெப்களுக்கு (உள் குறுக்குச் சட்டங்கள்) நடுவே போர்டை வெட்டி வெட்டி நுழைக்க வேண்டும். சைட்டில் எவரும் முழுதாகச் செய்யமாட்டார்கள்.

குறுக்கே போடுங்கள். காரிடாரின் இரு பக்கமும் பொதுச்சுவர் நேர்க்கோட்டில் இருந்தால், எதிரெதிர் வீடு இரண்டு ஒரு அறை. 25க்கு 60, அதாவது 1,500 சதுர அடி. மொத்தம் 5 கோடு, 6 அறை. டிரஸ்ஸின் முகத்திலேயே போர்டை அடித்துவிடலாம். ஆனால் 25 அடி என்பது 300 இன்ச், 24-ஆல் வகுபடாது. சுவருக்கு நேர் மேலே தனியாக ஒரு டிரஸ் வேண்டும் என்று டிரஸ் டிசைனருக்குக் குறிப்பு எழுதாவிட்டால், பக்கத்து டிரஸ்ஸில் அடித்து ஒரு அடி தள்ளிப்போய்விடும்.

இன்னும் இரண்டு இடம். ஹிப் முனையில் முதல் கோடு வருவது ஸ்டெப்-டவுன் டிரஸ்ஸில் (முனை நோக்கிப் படிப்படியாகத் தாழும் டிரஸ்). அதன் தலை தட்டை, ஷீதிங்கோ (கூரைப் பலகை) சரிவு. போர்டு டிரஸ்ஸோடு நின்றால் மேலே ஆப்பு வடிவில் இடைவெளி திறந்தே கிடக்கும். அதேபோல ஈவ்ஸ் (கூரையின் கீழ் ஓரம்). பிளேட்டோடு (சுவரின் தலைக்கட்டை) போர்டு நின்றால் சாஃபிட் வழியாகத் தீ அடுத்த அறைக்குச் சுற்றிக்கொண்டு போகும். ஓவர்ஹேங்கையும் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நம்ம ஊரில் கூரை என்றாலே கான்கிரீட் மொட்டைமாடி, அதனால் புதுசாக வரும் பசங்க பிளானில் கோடு போட்டதோடு விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டும் செக்‌ஷனில் மட்டுமே தெரியும்.

கிண்டி_பெர்மிட்:
சரி, 13ஆர் விலக்கு என்ற என் வாதம் நிற்காது. ஆனால் ஆறு அறையாகப் பிரித்தால் வென்டிலேஷன்? இப்போதைய கணக்கு முழுக் கூரைக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

கூரைக்கோடு:
அறைக்கு அறை தனிக் கணக்கு. 1,500-ஐ 300-ஆல் வகுத்தால் 5 சதுர அடி, 720 சதுர இன்ச் நெட் ஃப்ரீ ஏரியா (காற்று உண்மையில் போகும் திறப்பு). இந்த 300 விகிதத்துக்கு, அதில் 40 முதல் 50 சதவீதம் உச்சியிலிருந்து 3 அடிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 150 விகிதம், 1,440 சதுர இன்ச். உங்கள் ஹிப்பில் ரிட்ஜ் (கூரையின் உச்சிக் கோடு) தொடங்குவதே முனையிலிருந்து 30 அடியில். கடைசி அறையோ 25 அடியில் முடிகிறது. அதாவது அந்த அறைக்கு ரிட்ஜ் வென்ட்டே கிடையாது. அதன் உயரமான இடத்துக்குப் பக்கத்தில் பாக்ஸ் வென்ட் (கூரையில் பதிக்கும் தனி வென்ட்) காட்டுங்கள். மற்ற இடத்தில் ரிட்ஜ் ஸ்லாட்டை டிராஃப்ட்ஸ்டாப் கோட்டில் வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.

ஈரக்குழாய்:
ஆறு அறைக்கும் ஆள் ஏற வழி? 30 இன்ச்சுக்கு மேல உயரம் இருந்தா 20க்கு 30 இன்ச் திறப்பு வேணும். டிராஃப்ட்ஸ்டாப்பில் கதவு வெச்சா அது தானா மூடி தானா லாட்ச் ஆகணும். அட்டிக் தூசியில் அது எத்தனை நாள் மூடும்?

டிரஸ்_தரமணி:
கதவே வேண்டாம். ஒவ்வொரு அறைக்கும் காரிடார் சீலிங்கில் ஒரு ஹேட்ச். 5ஏ-வில் அந்த சீலிங் ரேட்டட் அசெம்பிளியின் பகுதி, எனவே ஹேட்ச்சும் அதற்கு ஏற்ற ரேட்டிங்கோடு இருக்க வேண்டும். குழாயோ டக்டோ போர்டைக் கடந்தால் சுற்றிலும் மினரல் வூல் திணித்து, ஆட்டினாலும் விழாதபடி தாங்கு கொடுக்கச் சொல்லுங்கள்.

ஈரக்குழாய்:
அப்பவும் ஓட்டை போடறவரை யார் தடுப்பாங்கன்னு பதில் வரலை. கிண்டி சார், ரெண்டு வழியையும் கிளையன்ட் முன்னாடி வையுங்க. தெருக் குழாயோட ஃப்ளோ டெஸ்ட் ரிப்போர்ட்டை முதல்ல கேட்டு வாங்குங்க. பம்ப் இல்லாமலே அழுத்தம் போதும்னா அட்டிக் ஹெட்டுக்கே போங்க.