அறிவுரை கேட்டு மனம் நொந்தவர் கூட்டத்துக்கு வருவதில்லை

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், எங்கள் பகுதி நூலக மாடியில், உறவைப் பறிகொடுத்த ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுகிறோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீடு வெறிச்சோடிவிடுகிறது. என் கணவர் போனபோது அதை அனுபவித்தேன். அதனால்தான் இதைத் தொடங்கினேன்.

சென்ற மாதம் ஓர் அம்மா, இறந்துபோன மகனின் செல்போனுக்கு இன்னும் 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்வதாகச் சொல்லி, அதை எடுத்து மேசைமேல் வைத்தார். விரிசல் விட்ட திரைமேல் செலோடேப் ஒட்டியிருந்தது. எதிரே இருந்தவர், "துக்கத்துக்கு ஐந்து நிலைகள். நீங்கள் 'மறுப்பு' என்ற முதல் நிலையிலேயே நிற்கிறீர்கள். அந்த எண்ணை ரத்து செய்யுங்கள்" என்றார். அம்மா பேசாமல் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு வரவேயில்லை. அங்கேயே நான் குறுக்கிட்டிருக்க வேண்டும். இப்போது என்ன செய்வது?

பதில்: செவிலியர், வலிநிவாரணப் பிரிவு

அந்த ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969இல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பிள்ளையைப் பறிகொடுத்த தாயை அளக்க அது படிக்கட்டு அல்ல. இதை யோசனை சொன்ன அந்த மனிதரிடம் தனியாகச் சொல்லுங்கள், எல்லார் முன்னும் வேண்டாம். அவரும் யாரையோ இழந்துதானே வருகிறார்?

பதில்: நாகப்பட்டினத்திலிருந்து

அம்மாவை நேரில் போய்ப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தற்காலிகக் குடியிருப்பில் பெண்களை உட்காரவைத்துப் பேசவைத்தோம். தார்ச்சீட்டுக் கூரை, தாங்க முடியாத வெக்கை. அங்கு நாங்கள் வைத்தது ஒரே விதி: யோசனை சொல்லுமுன் "சொல்லலாமா?" என்று கேட்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் "வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்" என்றார்கள்.

கேள்வி கேட்டவர்:

நேற்றுப் போய்வந்தேன். காப்பி கொடுத்தார். போனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவரே சொன்னார். மகனின் பிறந்தநாளுக்கு அவன் நண்பர்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்களாம். எண்ணை விட்டுவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், "பிள்ளைக்கு எழுதியது முகம் தெரியாதவர் கைக்குப் போய்விடுமே" என்றார். இதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது, கூட்டம் நான்கு மணிக்குத்தானே என்று கேட்டார். அதற்குள் அந்த மனிதரிடம் பேசிவிட வேண்டும். நாளை மாலை அவர் வீட்டுக்குப் போகிறேன்.