கோயில் கணக்கு வட்டும் ஆம்ஸ்ட்ராட் பெட்டியும்

பட்டர்வொர்த்வாசி:
ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ 8256, எண்பதுகளின் தட்டச்சுக் கணினி. பழைய கணினிக்காரர்கள் கூடும் இந்தக் குழுவில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை, ஞாயிறு காலை, 120 மலேசிய வெள்ளி. கூடவே பிரிண்டரும், பிஸ்கட் டப்பா நிறைய மூன்று அங்குல வட்டுகளும். டிரைவின் ரப்பர் பெல்ட் வழக்கம்போல உருகித் தாராகியிருந்தது. இரண்டு மாலை ஆல்கஹாலால் துடைத்துப் புது பெல்ட் போட்டேன். லோகோஸ்கிரிப்ட் என்ற எழுத்து மென்பொருளின் வட்டைச் செருகியதும் பச்சைத் திரை கறுத்து, கோடு கோடாக இறங்கியது. அந்த மகிழ்ச்சியில்தான் புத்தி மழுங்கியது.

ஒரு வட்டின் மேல் நீல மையில், தமிழில், 'கோயில் வரவு செலவு 1988'. எந்தக் கோயில் என்று எழுதவில்லை. அப்படியே செருகிவிட்டேன். தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் மெல்லிய சத்தம், நாலைந்து விநாடி. வெளியே எடுத்து உலோக மூடியை நகத்தால் தள்ளினால், பழுப்புப் பரப்பு முழுக்க வெள்ளைப் பூசணம். அதில் முடி கனத்தில் ஒரு வளையம். விளக்குக்கு எதிரே பிடித்தேன். வளையம் வழியாக வெளிச்சம் வந்தது.

எட்டு மாதமாயிற்று. யாரோ இரவு கண்விழித்துத் தட்டிய கணக்கு. வட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் போட இன்னும் துணிவு வரவில்லை. அதிலாவது ஏதாவது இருக்கலாம்.

செந்தூல் சால்டரிங்:
பெல்ட் மாற்றத் தெரிந்தவருக்கு மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையா? பினாங்கு ஈரக்காற்றில் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்த வட்டு ஐயா அது.

என் கதை சிறியது. வேறொரு எட்டு பிட் பெட்டி, இருபது நிமிடம் அழகாக ஓடியது, பிறகு டப் என்று ஒரு சத்தம், பழுப்புப் புகை. பக்கத்து வீட்டில் கருவாடு தீய்கிறது என்று அம்மா ஜன்னலைச் சாத்தினார். ஆகையால் எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியை பிளக்கில் செருகுமுன் பவர் சப்ளையில் மஞ்சள் நிறக் காகிதக் கபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். உறையில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. கோலாலம்பூரில் புடு, ஜாலான் பாசார் கடைகளில் எக்ஸ்2 என்ற பாதுகாப்பு வகை என்று கேளுங்கள். சாதாரணமானதை நீட்டினால் வாங்காதீர்கள். பிசிடபிள்யூவைத் திறப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிரைவும் படக்குழாயும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. அணைத்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். டிரைவில் வட்டைப் படிக்கும் தலையை ஒவ்வொரு வட்டுக்கு முன்னும் பின்னும் துடையுங்கள். உண்மையைச் சொன்னால் டிரைவையே தூக்கிப் போட்டுவிட்டு, பென்டிரைவில் ஓடும் கோடெக் பெட்டியை வைப்பதுதான் நல்லது.

பிரிக்பீல்ட்ஸ் தட்டச்சர்:
கடைசி வரியை என்னால் ஏற்க முடியாது தம்பி. வழக்கறிஞர் அலுவலகத்தில் நான்கு வருடம் இந்த இயந்திரத்தில்தான் உட்கார்ந்தேன். வெட்ட, நகலெடுக்க, ஒட்டத் தனித்தனி விசை இருந்தது. தமிழ்க் கடிதம் மட்டும் கையால் எழுதுவோம். முரசு அஞ்சல் போன்ற தமிழ் மென்பொருளெல்லாம் நான் பார்த்தது பிறகு, வேறு கணினியில். உருவாக்கும்போது இதற்கு ஜாய்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்களாம், ஆம்ஸ்ட்ராட் முதலாளி அலன் சுகரின் செயலாளர் பெயர். எங்கள் முதலாளி என் பெயரையே பாதி நாள் மாற்றித்தான் கூப்பிடுவார்.

போன தீபாவளிக்குத் தங்கை மகன் ஒன்றைச் சரிசெய்து, "பெரியம்மா, உட்காருங்கள்" என்றான். விரல்கள் தாமாகவே இடம் கண்டுகொண்டன. நாலு வரி அடித்துச் சேமிக்கக் கொடுத்தேன். சத்தமே இல்லை. அந்நாளில் டிரைவ் கரகரத்து அடங்கும்வரை யார் கூப்பிட்டாலும் எழமாட்டோம். அன்றும் கையை மடியில் வைத்துக் காத்திருந்தேன். "அப்போதே முடிந்துவிட்டது பெரியம்மா" என்றான். கோடெக் வைத்திருந்தான்.

பட்டர்வொர்த் தம்பி, மறுபக்கத்தைப் போட்டுப் பாருங்கள். கோயில் கணக்கு ஒரு பக்கத்தில் அடங்குமா?

செந்தூல் சால்டரிங்:
அக்கா மன்னிக்க வேண்டும். 8256இல் தலை ஒன்றுதான். எதிர்ப்பக்கம் வட்டை அழுத்திப் பிடிக்கக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். வளையம் வழியாக வெளிச்சம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்துப் பூச்சு மட்டும் உரிந்திருந்தால் வெளிச்சம் வராது.

பிரிக்பீல்ட்ஸ் தட்டச்சர்:
இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

செந்தூல் சால்டரிங்:
பதிவு வட்ட வட்டமான தடங்களில் இருக்கும், பக்கத்துக்கு 40 தடம் அக்கா. போனது ஒன்றிரண்டுதான். ஆனால் கோப்புகளின் பட்டியல் வெளி ஓரத் தடத்தில் இருக்கும். வளையம் எங்கே இருக்கிறது?

பட்டர்வொர்த்வாசி:
வெளி ஓரத்தில்.