வெறிநாய்க்கடி பற்றி ஒரு விளக்கம் தேவை

குழுவினருக்கு வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் அக்கா மகனைத் தெருநாய் கணுக்காலில் கடித்துவிட்டது. பல் பதிந்த இடத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே தடுப்பூசியும் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை முடக்கும் ஆயத்த எதிர்ப்பொருள் மருந்து) போட்டாயிற்று. காயம் ஆறிவிட்டதே, 28ஆம் நாள் ஊசி எதற்கு என்று கேட்கும் அக்கா, காரணம் புரியாமல் அசைய மாட்டார்.

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் கிருமி இரத்தத்தில் பரவாமல் நரம்பு வழியே மூளைக்குச் செல்வதால் நோயெதிர்ப்பு மண்டலம் அதை எளிதில் கண்டுகொள்வதில்லை என்றும், அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது என்றும் படித்தேன். நரம்பணுக்கள் பெரிதாகச் சிதையாமலே மூளை செயலிழப்பது எப்படி, தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பொருள் கிருமியை எவ்விடத்தில் மறிக்கிறது என்பதை, மருத்துவம் அறிந்தவர்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டும்படி எளிய தமிழில் எழுதித் தருமாறு வேண்டுகிறேன். அந்த ஊசிக்கான நாள் வரும் வியாழக்கிழமை.